சிங்கப்பூரில் ஜெயித்த மாப்பிள்ளைக் குதிரை

பாலம் தாண்டினால் சிங்கப்பூர் என்று இருக்கும் மலேசிய ஊரான ஜொகூர் பாருவில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதன் முன்னால் ‘சிங்கப்பூர்’ என்று ஒட்டினாலும் அதன் மதிப்பை உடனே மூன்றால் பெருக்கிவிடுவோம். சிங்கப்பூர் சம்பளம், சிங்கப்பூர் சோப்பு, சிங்கப்பூர் மாப்பிள்ளை. (மாப்பிள்ளைக்குத் தலையில் முடி இருக்கிறதா என்றுகூட அப்புறம்தான் பார்ப்போம்.) நான் மார்க்கெட்டிங் பட்டம் வேறு வாங்கியவள். அதனால் எனக்கு வியாதி கொஞ்சம் முற்றியே இருந்தது.

ஸ்கூடாய்க்கு வெளியே என் சித்தப்பா ஒரு குதிரைப் பண்ணை வைத்திருந்தார். பண்ணை என்பது மரியாதைக்குச் சொல்வது. சில மட்டக் குதிரைகள், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வட்டமாகச் சுற்றும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் நிற்கப்போகிறது என்று செய்தி வந்ததும், அங்கே ஓடிய குதிரைகள் பல பக்கமும் கைமாறின. அதில் ஒன்றைச் சித்தப்பா பிடித்துக்கொண்டு வந்தார். பெயர் வீரா. ஏதோ ஒரு கோப்பை ஜெயித்த குதிரை.

“இனி சவாரிய நம்பி இருக்க வேணாம்மா. பொட்டக் குதிர வச்சிருக்கவங்க எல்லாம் குட்டிக்காக நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க” என்றார்.

அப்படி நிற்கப்போகும் முதல் ஆளைப் பிடிப்பது என் பொறுப்பு. பிடித்தால் பண்ணைக்கு நான்தான் மேனேஜர். பிடிக்காவிட்டால், அம்மா பார்த்து வைத்திருந்த சிங்கப்பூர் கம்பெனி வேலை. விடியுமுன் எழுந்து, பாலம் கடக்கும் பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வேண்டும். தூக்கத்தை நான் உயிராக நேசிப்பவள்.

ஆகவே இணையத்தில் விழுந்து விழுந்து படித்தேன். குட்டிக்காகப் பெட்டையோடு சேர்க்கும் பொலிகுதிரையின் விலை அது எத்தனை தடவை ஜெயித்தது என்பதைவிட எந்த ஊரில் ஜெயித்தது என்பதில்தான் இருக்கிறதாம். உலகத்தின் நல்ல குதிரைகள் எல்லாம் கூடி ஓடுகிற ஊரில் ஒரே ஒரு பெரிய பந்தயம் ஜெயித்தாலும் போதும், குட்டிகளுக்கு ராஜ மரியாதை. சின்ன ஊரில் வருடக்கணக்காக ஜெயித்தாலும் அந்த ஊரோடு சரி. இதில் என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான்: ஊர் முக்கியம். நம்மிடம் சிங்கப்பூர் இருக்கிறது. கணினியை மூடிவிட்டேன்.

பாலோ என்ற ஊரில் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமும் இரண்டு பெட்டைக் குதிரைகளும் வைத்திருந்த ஓர் அங்கிள், என் விளம்பரத்தைப் பார்த்து மனைவியோடு வந்து இறங்கினார். வீரா தயாராக நின்றது. நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் சாமந்தி மாலை, பின்னால் ‘சிங்கப்பூர் மாப்பிள்ளை’ என்று பெரிய பேனர். (வாசகம் என்னுடையதுதான். பட்டம் வாங்கியவள் என்று சொன்னேனே.) மாப்பிள்ளை மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

“ஈப்போவுல ஜெயிச்சா ஒரு மதிப்பு, அங்கிள். கோலாலம்பூர்ல ஜெயிச்சா ஒரு மதிப்பு. இவன் ஜெயிச்சது சிங்கப்பூர்ல லா!” என்று ஆரம்பித்தேன்.

அங்கிள் பொறுமைசாலி. “சிங்கப்பூர் ஜெயிப்பு பெரிசுதாம்மா, இந்த வட்டாரத்துக்கு. ஆனா நாளைக்குக் குட்டிய வெளிய விக்கப் போனா, ஆஸ்திரேலியாக்காரன் இந்தக் கோப்பைப் பேரக் கேட்டுட்டு அது எங்க இருக்குன்னு கேப்பான். அங்க பெரிய பந்தயத்துல ஜெயிக்க முடியாத குதிரைங்கதான் நெறைய இங்க வந்து ஓடுது.”

நான் விடுவேனா? “ஆஸ்திரேலியா எதுக்கு அங்கிள்? இவன் வம்சம் ஜொகூர் முழுக்க ஓடும்!” என்று கையை வீசினேன். சித்தப்பா பெருமையோடு தலையாட்டினார்.

இதற்குள் ஆன்ட்டி குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தார். ஓர் இடத்தில் நின்று, மெல்லக் குனிந்து, நிமிர்ந்தார். பிறகு துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு கணவர் காதில் ஏதோ சொன்னார். அங்கிளும் போய்க் குனிந்துவிட்டு வந்தார்.

“ஊர்ப் பேர விடுங்கம்மா. நீங்க யாராச்சும் குனிஞ்சு பாத்தீங்களா?” என்றார்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். சித்தப்பா குதிரையைப் பார்த்தார்.

“இது காயடிச்ச குதிர. இந்தப் பக்கம் ஓடுற ஆண் குதிரைங்க முக்காவாசி அப்படித்தான். முரண்டு பிடிக்காம ஓடட்டும்னு முன்னாலயே முடிச்சிருவாங்க. இதுக்கு எந்த ஊர்ல ஜெயிச்சாலும் குட்டி பொறக்காதும்மா.”

“அலமாக்!” என்று தலையில் கைவைத்துக்கொண்டார் சித்தப்பா. “விக்கிறவன் வயசு பாக்கச் சொல்லிப் பல்லத்தான் காட்டுனான். நான் பல்லத்தான் பாத்தேன்” என்றார்.

நான் ஏன் பார்க்கவில்லை? கல்யாணமாகாத பெண் அங்கெல்லாம் போய் எப்படிப் பார்ப்பது என்ற கூச்சம். தவிர, சித்தப்பா பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன். படித்த பிள்ளை எல்லாம் விசாரித்திருக்கும் என்று அவர் நினைத்தார். வெட்கத்தில் என் காது இரண்டும் எரிந்தன. ஆன்ட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாலை ரொம்ப அழகாக இருந்தது என்று ஆறுதல் சொன்னார். அதற்குள் மாலையில் பாதிதான் மிச்சம்.

அடுத்த மாதம் நான் பாலத்து வரிசையில் நின்றேன். வீரா ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைச் சுமக்கப் போனது. இருவரில் அதுதான் முணுமுணுக்காமல் வேலை செய்தது.

எங்கள் குடும்பத்தில் அன்றிலிருந்து யார் எதை வாங்கினாலும், பழைய காரோ வாடகை வீடோ, முதல் கேள்வி “குனிஞ்சு பாத்தாச்சா?” என்பதுதான்.

பிறகொரு நாள் குளுவாங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி ஆறுவதற்குள் அம்மா, “பொண்ணு சிங்கப்பூர்ல வேல செய்யுது” என்று பல தடவை சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் மூன்றால் பெருக்கல் ஓடுவது எனக்கே தெரிந்தது. மூலையில் இருந்த சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை, மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

“தம்பி, சிங்கப்பூர்னு சொன்னதும் தலையாட்டிடாதீங்க. மொதல்ல குனிஞ்சு பாருங்க.”

எங்கள் வீடு மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. ஒன்றும் புரியாத அந்த நல்ல மனிதர், எதையோ கீழே போட்டுவிட்டோம் என்று நினைத்து, நாற்காலிக்கு அடியில் குனிந்து கவனமாகத் தேடினார்.

“இங்க ஒண்ணுமில்லியே, அங்கிள்” என்றார்.

அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு எல்லோரும் ஏன் அப்படி விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பதை, தாலி ஏறிய பிறகுதான் சொன்னேன்.