நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

நாற்பத்தாறு வயது முடிந்த அன்று காலை, பல் தேய்த்துக்கொண்டே ஒரு முடிவு எடுத்தேன். ரோடு இல்லாத இடத்தில் ஓடும் ஒரு வண்டியை நானே கட்டப் போகிறேன். கடையில் பளபளவென்று நிற்கும் வண்டி இல்லை. ஒவ்வொரு சாமானும் நானே பார்த்துப் பொறுக்கிய வண்டி. யார் தடுத்தாலும் சரி. தடுக்கக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான்.

இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து மனுக்களைப் படிப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாகப் படிக்கிறேன். ஊரில் உள்ள அத்தனை பேரும் எங்கெங்கோ போய் மோதிவிட்டு வருகிறார்கள். நான் மட்டும் நாற்காலியை விட்டு நகர்ந்ததில்லை. மோத வேண்டும் என்று ஆசையில்லை. மோதும் தூரத்துக்காவது போக வேண்டாமா?

என் மனைவி மாட்டு டாக்டர். அதட்டிப் பேச மாட்டாள். முரட்டுக் காளைக்கே சத்தமில்லாமல் ஊசி போடுகிறவளுக்கு நான் எம்மாத்திரம்? ஆனால் அவள் "வேண்டாங்க" என்று ஒரு பொருளைச் சொல்லிவிட்டால் அது வீட்டு வாசலோடு சரி. மீன்தொட்டி வரவில்லை. சாய்வு நாற்காலி வரவில்லை. என் மீசை ஒருமுறை வந்தது. ஒரு வாரம் தங்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று.

அன்று டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"நான் ஒரு வண்டி கட்டப் போறேன். காடு, மேடு, சேறு, எதுலயும் போற வண்டி."

"வேண்டாங்க. முதுகு வலிக்கும்."

"கட்டாயம் கட்டுவேன்."

"கட்டாயமா கட்டணும்னு யாரு கட்டாயப்படுத்தினா?"

என் உறுதி இன்னும் கூடியது. ஆபீசுக்குப் போனதும் ஒரு தாளில் எழுதினேன்: 'வண்டி விஷயத்தில் அவள் வேண்டாம் என்றால் வேண்டும். வேண்டும் என்றால் வேண்டாம். பின்வாங்கக் கூடாது.' கீழே கையெழுத்துப் போட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சட்டை துவைத்து, தேய்த்து, அலமாரிக்கு வந்தது. பையில் என் தாள் நனையாமல், கசங்காமல், மடிப்புக் கலையாமல் இருந்தது. என்ன தரமான தாள் என்று வியந்தேனே தவிர, எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

கல்குவாரியில் உழைத்து ஓய்ந்த ஒரு பழைய ஜீப் கிடைத்தது. நாலு சக்கரமும் இழுக்கும் ஜாதி. கதவு இல்லை, கூரை இல்லை, தரையில் பாதி இல்லை. எங்கள் தெருமுனை ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே இருக்கும் மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் 'நிதானம்'. பற்றி எரிகிற என்ஜினைக் காட்டினாலும் "நிதானமா பாத்துக்கலாம் சார்" என்பார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க கேட்டலாக். முதலில் டயர். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த அகலமான டயர் எவ்வளவு ஜோரா இருக்கு! இதையே போடுங்க. பெரிய மனுஷன் வண்டி மாதிரி இருக்கும்."

என் மனசும் அதன் மேல்தான் இருந்தது. மூன்று நாளாக அதைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். ஆனால் சட்டைப் பையில் கையெழுத்து இருக்கிறதே!

"வேண்டாம். இந்த ஒல்லி டயர்தான். உசரமா, ஆழமாப் பல் வெட்டினது."

"அது அழகாவே இல்லையே."

"அழகு பாக்கவா கட்டுறேன்?"

அவள் முகம் வாடியது. எனக்குப் பரமதிருப்தி.

மறுநாள் நிதானம் தலையாட்டிப் பாராட்டினார். "நல்ல தேர்வு சார். அகல டயர் சேத்து மேல மிதந்து வழுக்கும். இது கீழ போய் கெட்டித் தரையைக் கவ்விக்கும். அந்த ஆத்தங்கரைக்கு இதுதான் சரி."

"எந்த ஆத்தங்கரை?"

"பொதுவா சொன்னேன் சார்."

அடுத்தது பின்பகுதி. படுக்கையும் அடுப்பும் வைத்து ஒரு நடமாடும் மாளிகை கட்ட நினைத்திருந்தேன். அதற்குள் மனைவி ஒரு யோசனையோடு வந்தாள்.

"பின்னாடி எதிரும் புதிருமா மெத்தை சீட்டு போட்டுடுங்க. எங்க அக்கா, மாமா, அவங்க பசங்க எல்லாரும் வாராவாரம் நம்மகூட வரலாம்."

என் சகலை ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அந்த இடம் அவருக்குப் பட்டா. பயணம் முழுக்கத் தன் மூலவியாதியைப் பற்றி மட்டுமே பேசக்கூடிய மனிதர். படுக்கையே போட்டாலும் படுத்துக்கொண்டு பேசுவார். அரை மணி நேரத்தில் ஷெட்டில் நின்றேன்.

"பின்னாடி ஒண்ணுமே வேண்டாம். சீட்டு, மெத்தை, அடுப்பு எதுவும் கூடாது. மனுஷன் உட்கார வழியே இருக்கக் கூடாது."

"தகரத் தளம் போட்டுடவா சார்?"

"போடுங்க!"

"கழுவி விட மூலையில ஒரு ஓட்டை?"

"போடுங்க!"

"பக்கவாட்டுல நாலு இரும்பு வளையம்? கயிறு கட்ட?"

"எந்தக் கயிறு?"

"டென்ட் கயிறு சார்," என்றார் நிதானமாக.

இப்படியே ஓடியது. "தண்ணி டேங்கு எதுக்கு, காட்டுக்குப் போறவங்க குளிப்பாங்களா?" என்றாள், குழாயோடு பெரிய டேங்கு வைத்தேன். "பின்பக்கம் லைட்டா? கல்யாண வீடா அது?" என்றாள், பகல் மாதிரி எரியும் விளக்காகப் பார்த்து மாட்டினேன். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றைக் காட்டினேன். பதறிப்போனாள். "ஐயோ, வேண்டவே வேண்டாம். ஜில்லுனு குடிச்சா உங்களுக்குத் தொண்டை கட்டும்." கட்டினால் கட்டட்டும் என்று வாங்கிவிட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு வெற்றியை நான் தொடர்ந்து பார்த்ததில்லை. ஆபீசில் என் நடையே மாறிவிட்டது என்று பியூன் சொன்னார்.

ஒரு மாலை அவள் முழங்கால் வரை சேறாக வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்தாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பசு. கன்னு வயித்துல குறுக்க திரும்பிக்கிச்சு. தண்ணி வடியற வரைக்கும் இந்தக் கரையில நின்னேங்க. நாலு மணி நேரம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள ரெண்டும் போயிடுச்சு."

நான் கேட்டலாக்கிலிருந்து தலையை எடுத்தேன். "தண்ணி எவ்வளவு ஆழம்?"

"தொடைக்கு மேல."

"அப்போ என் வண்டிக்கு ஸ்நார்க்கெல் போடணும். கூரை உசரத்துக்கு ஒரு குழாய். என்ஜின் அது வழியா மூச்சு விடும், தண்ணி உள்ள போகாது."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா, இல்லை வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"வேண்டாங்க," என்றாள் மெதுவாக.

மறுநாளே போட்டுவிட்டேன்.

கடைசியாக ஓட்டுநர் இருக்கை. எனக்குக் கால் நீளம். அதற்கேற்றபடி அசையாமல் பொருத்தச் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் பாத்திரம் அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"உங்க அளவுக்கே வச்சுக்குங்க. நான் எங்க அதைத் தொடப் போறேன்? அதெல்லாம் பொம்பளைங்க ஓட்டற வண்டியா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. எந்தக் காலத்தில் இருக்கிறாய் என்று தொடங்கி, பெண்ணால் முடியாதது எது என்று உலுக்கி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்கினேன். இருபது நிமிஷம் பேசினேன். அவள் கண்கலங்க, "நீங்க இவ்வளவு சொல்றதால சரி," என்றாள். இருக்கை முன்னும் பின்னும் நகரும்படி ஆயிற்று. கிளட்சும் அவள் காலுக்கு எட்டும்படி ஆயிற்று. ஒரு பெண்ணுக்குக் கண் திறந்த பெருமையில் அன்று நானே பாத்திரம் கழுவினேன்.

வண்டி தயாரானது. சனிக்கிழமை காலை கன்னிப் பயணம். மலைமேல் இருக்கும் அணைக்கட்டுக்குத் தன்னந்தனியாகப் போவதாகத் திட்டம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, குளிர்பானம் நாலு. ஃபிரிட்ஜைத் திறந்தேன். குளிர்பானத்துக்கு இடமில்லை. உள்ளே வரிசையாகத் தடுப்பூசிப் பாட்டில்கள், தங்கள் வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தன.

"இது என்ன?"

"ஜில்லுனு இருந்தாதாங்க அது கெடாது," என்றபடி மனைவி ரப்பர் பூட்ஸும் பெட்டியுமாக வந்து ஏறினாள். "ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து போன் வந்துது. ஒரு பசு கன்னு போட முடியாமத் தவிக்குதாம். போற வழியில என்னை விட்டுடுங்க."

"அணை அந்த வழியில இல்லையே."

"உங்க வண்டிக்குத்தான் வழியே வேண்டாமே!"

ஆற்றங்கரை வரை நான்தான் ஓட்டினேன். அருமையாக ஓட்டினேன். கரையில் நிறுத்தினேன். தண்ணீர் பழுப்பாக, அகலமாக, என்னைப் பொருட்படுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் படித்த வெள்ள மனுக்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றே: 'ஆழம் குறைவு என்று எண்ணி இறங்கினேன்.'

"தண்ணி கொஞ்சம் வடியட்டுமே," என்றேன். தொண்டை கட்டியிருந்தது. குளிர்பானம் குடிக்காமலே.

"பசு காத்திருக்காதுங்க. கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தேன். அவள் இருக்கையை ஒரே இழுப்பில் முன்னால் கொண்டுவந்தாள். நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் சின்ன கியர் கம்பியைப் பின்னால் தட்டினாள். கயிறு பிடித்து மாட்டைக் கூட்டிப் போவதுபோல் வண்டியைத் தண்ணீருக்குள் கூட்டிப் போனாள். வேகமில்லை, பதற்றமில்லை. தண்ணீர் பானெட்டைத் தொட்டது. குழாய் வழியாக என்ஜின் மூச்சு விட்டது. நான் விடவில்லை. அக்கரையில் சேறு, டயர் கீழே போய்க் கவ்வியது, ஏறிவிட்டோம்.

"எங்க கத்துக்கிட்ட?"

"நிதானம் அண்ணன்கிட்ட. வியாழக்கிழமை வியாழக்கிழமை, கல்குவாரிப் பள்ளத்துல."

"அப்போ நீ வேண்டாம்னு சொன்னதெல்லாம்…"

"எனக்கு வேண்டியதுங்க."

"வேணும்னு நேரா கேட்டிருக்கலாமே!"

"எங்க கால்நடை ஆபீஸ்ல ஏழு வருஷமா நேராத்தாங்க கேக்கறேன், ஒரு வண்டி குடுங்கன்னு," என்றாள். பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேராக் கேட்டா எங்கயும் கிடைக்கல."

அதற்கு மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. அன்று வீட்டுப் படியில் சேறோடு உட்கார்ந்திருந்தவளிடம் ஆழம் எவ்வளவு என்று கேட்டவன் நான்தானே.

வழியில் மூங்கில் படல்கள். மேய்ச்சல் நிலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் நான் இறங்கித் திறந்து, வண்டி போனதும் சாத்தி, ஓடிவந்து ஏறினேன்.

மாட்டுக் கொட்டகை இருட்டாக இருந்தது. வண்டியின் பின்பக்கத்தை வாசலுக்குத் திருப்பி விளக்கைப் போட்டதும் பகலாயிற்று. மனைவி தோள் வரை கையை உள்ளே விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ தேடினாள், திருப்பினாள், இழுத்தாள். நான் டேங்கிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒரு செவலைக் கன்று வைக்கோல் மேல் வந்து விழுந்தது, தும்மியது. பசு திரும்பி அதை நக்க ஆரம்பித்ததும் என் மனைவி சிரித்த சிரிப்பைக் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. மறுபடி அந்த ஆற்றங்கரையில் ஒருநாளும் அவளைக் காத்து நிற்கவிடக் கூடாது என்று நானே நினைத்துக்கொண்டேன். வண்டி யாருடையது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

மாட்டுக்காரர் நன்றியோடு கும்பிட்டார். பிறகு என் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"டாக்டரம்மா, ஆபீஸ்ல வண்டியும் குடுத்து டிரைவரும் குடுத்துட்டாங்களா?"

நான் மார்பை நிமிர்த்தினேன். மனைவி குழாயில் கை கழுவிக்கொண்டே சொன்னாள்:

"ஓட்டறது நாந்தாங்க. இவரு படல் திறக்க வந்திருக்காரு."