இல்லாத பாலத்துக்கு வழி

நான் கலைஞன் ஆவதென்று முடிவு செய்தபோது, என் மடியில் நாற்பது பள்ளிச் சட்டைகள் கிடந்தன. என் மனைவி தையல்காரி. மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நான் வீடு திரும்பியதும் பொத்தான் தைக்க வேண்டும். மாலை ஐந்து முதல் ஆறு வரை. தப்பவே முடியாது.

அப்போதுதான் நூலகத்தில் ஒரு வகுப்பு தொடங்கினார்கள். நடப்பதும் வரைபடம் போடுவதும் இந்தக் காலத்துக் கலையாம். தினமும் ஒரு மணி நேரம், ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாமல் நடக்க வேண்டும். திரும்பி வந்து, போன வழியை வரைய வேண்டும். மாதக் கடைசியில் சிறந்த வரைபடத்தை வாசிப்பறைச் சுவரில் மாட்டுவார்கள்.

"நடக்கறது கலையா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"அப்ப நான் நூல்கண்டு வாங்க நடக்கறது?"

"அது வெறும் நடை. கையில பை இருந்தா கலை ஓடிப்போயிடும்."

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, போயிட்டு வாங்க."

முதல் நாள் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பி நிஜமாகவே நடந்தேன். முந்நூற்றுப் பதினெட்டுக் காலடி. அங்கே பூங்கா வந்தது. பூங்காவில் ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் மரநிழல். கண் செருகியது.

கனவிலும் நடந்துகொண்டுதான் இருந்தேன். அந்த மட்டில் நான் நேர்மையானவன். மருந்துக்கடைக்கு அப்பால் ஒரு பாலம். அதன் கீழே தண்ணீர் இல்லை, வெள்ளை மேகம் ஓடியது. அக்கரைத் தெருவில் வீடுகளெல்லாம் முதுகைக் காட்டி நின்றன. கோடியில் கடிகாரக் கடை. எல்லாக் கடிகாரத்திலும் மூன்றேகால். அங்கே யாருக்கும் எங்கும் போக வேண்டியதில்லை.

விழித்து, வீட்டுக்கு வந்து, அதையே வரைந்தேன்.

"இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இந்தத் தெரு என் கண்ணுல படலையே!" என்று வகுப்பு ஆசிரியை வியந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எவனால் விழித்திருக்க முடியும்? தினமும் தூங்கினேன். தினமும் ஒரு தெரு முளைத்தது.

"என்னங்க, இந்தப் பாலம் எங்க இருக்கு?" என்றாள் மனைவி ஒருநாள்.

"மருந்துக்கடை தாண்டி, இடது பக்கம்."

"அங்க மதில்தானே?"

"அது சாதாரணக் கண்ணுக்கு."

"எனக்கு இருக்கறது ரெண்டும் அதுதாங்க" என்று கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

மாதக் கடைசி வந்தது. வாசிப்பறைச் சுவரில் ஒரு வரைபடம், மேலே துணி. நான் இஸ்திரி போட்ட சட்டையில், அடக்கமாகச் சிரிக்கத் தயாராக நின்றேன். துணியை விலக்கினார்கள்.

என்னுடையது இல்லை. துணி வெட்ட அளவு போடும் பழுப்புத் தாள். அதில் நீல நூலால் தைத்த வழி. தலைப்பு: 'கணவரைத் தேடி.' என் மனைவி, நான் வரைந்த வழியேதான் போயிருந்தாள். பாலம் இருக்க வேண்டிய இடத்தில் குட்டி எழுத்து: 'மதில். மூன்று முறை தட்டிப் பார்த்தேன்.' கடிகாரக் கடை இடத்தில்: 'சைக்கிள் கடை. மணி கேட்டேன். ஐந்தரை என்றார்.' நூல் ஊரையெல்லாம் சுற்றிப் பூங்காவில் முடிந்தது. அங்கே பெஞ்சு. பெஞ்சில் வாய் பிளந்த ஓர் உருவம். 'திங்கள், இடப்பக்கம் சாய்வு. செவ்வாய், வலப்பக்கம். புதன், குறட்டை.'

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லாத தெருவை நம்பி இவ்வளவு தூரம் நடந்திருக்காங்க! இதுதான் சார் கலை." அங்கேயே என் மனைவியிடம் ஊர் முழுவதற்கும் வரைபடம் போடும் பொறுப்பையும் ஒப்படைத்தார்.

"நீ எப்ப வகுப்புல சேர்ந்தே?" என்றேன், திரும்பும் வழியில்.

"நீங்க பாலம் கட்டின மறுநாளே. காலை வகுப்பு."

"அப்ப... சாயங்காலம்?"

"நான் நடக்கணுமே. நீங்க நடக்காமலே வரையறவரு, உங்களுக்கு வீடே போதும். பொத்தான் டப்பா அலமாரியில இருக்கு."

ஊர் வரைபடம் முடிந்ததும் என் ஒரு மணி நேரத்தைத் திருப்பித் தருகிறாளாம். ஆறு மாதம் ஆகிறது. அவள் இன்னும் எங்கள் தெருவைத் தாண்டவில்லை.