அப்பாவுக்கு சீட் வேண்டாம்

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் கடலுக்குப் போறோம்" என்று அவள் சொன்னதும், சாப்பாட்டு மேசையில் இருந்த ஐந்து பேரும் வீட்டைக் காலி செய்யச் சொன்னது போல நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எதுக்கு?" என்றான் அண்ணன். அவன் காப்பீட்டு நிறுவனத்தில் விபத்துகளை விசாரிப்பவன். வீட்டிலும் அதே வேலைதான்.

"சும்மாதான்."

"கடல் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கு. பத்து வருஷமா எட்டிப் பாத்ததில்ல. இப்ப என்ன சும்மா?"

அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆறு வாரங்களுக்கு முன்பு அப்பாவின் ஸ்லைடை அவளேதான் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். இருக்கக் கூடாத அணுக்கள் இருந்தன. எண்ணினாள். மறுபடி எண்ணினாள். குறையவில்லை. மழைக்காலம் தொடங்கும் வரைதான் என்று டாக்டர் அவளிடம் சொன்னார். அவள் கணவனிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம், "இரும்புச் சத்து கம்மிப்பா, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க" என்றாள். அன்றிலிருந்து அப்பா தினமும் நான்கு பேரீச்சம்பழம் சாப்பிடுகிறார். ஒரு நாள் கூடத் தவறவில்லை.

அவருக்கு ஒன்றும் தெரியாமல், அவர் சிரித்தபடி இருக்கும் ஒரு நாள் வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"பாப்பா நீச்சல் போட்டியில ஜெயிச்சிருக்கா. அதுக்குத்தான்" என்றாள்.

"நானா?" என்றாள் அவள் மகள், பன்னிரண்டு வயதுப் பாப்பா.

அம்மா மேசைக்கு அடியில் உதைத்தாள். உதை கணவன் முழங்காலில் விழுந்தது.

"ஆ! ஆமா, பாப்பாதான்" என்றான் அவன்.

அப்பா பேரீச்சங்கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். முப்பத்து நான்கு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். அவர் விசில் ஊதாமல் ஒரு பஸ்ஸும் கிளம்பியதில்லை.

"எத்தனாவது இடம்?"

"மூணாவதுப்பா."

"பதக்கம் குடுத்திருப்பாங்களே. காட்டு பாக்கலாம்."

"ஸ்கூல்ல இருக்கு தாத்தா. நாளைக்குக் கொண்டு வரேன்" என்றாள் பாப்பா, கண்ணைக் கூடச் சிமிட்டாமல். பெற்றவளே ஒரு கணம் நம்பிவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து பதக்கக் கடைக்கு ஓடினாள். வெண்கலத்தில் சதுரங்கப் பதக்கம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. எழுத்தைச் சுரண்டிவிடலாம். நடுவில் புடைத்து நின்ற குதிரைத் தலையை என்ன செய்வது?

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நீச்சல் போட்டிக்குக் குதிரை எதுக்கும்மா?"

"அது கடல் குதிரைப்பா."

அப்பா பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஓ" என்றார். "நல்லா செஞ்சிருக்கான்."

அண்ணன் அப்படி விடுகிற ஆள் இல்லை. "கடல் குதிரைக்குப் பிடரி மயிர் ஏது?" என்றான். "சரி, ஞாயித்துக்கிழமை நானும் பாப்பாவும் கடல்ல போட்டி. யார் ஜெயிக்கறாங்கன்னு பாத்துடலாம்."

பாப்பாவுக்கு நீச்சல் தெரியாது. எனவே சனிக்கிழமை காலையில் பாப்பாவின் கை சுளுக்கிக்கொண்டது. கணவன் இடது கையில் கட்டுப் போட்டான். மத்தியானம் பாப்பா தூங்கி எழுந்து, அரித்ததால் அவிழ்த்து, வலது கையில் கட்டிக்கொண்டாள்.

"சுளுக்கு இடம் மாறுதே" என்றான் அண்ணன்.

"சின்ன வயசுல அப்படித்தான் மாறும்" என்றார் அப்பா. அவள் நன்றியோடு அவரைப் பார்த்தாள். பாவம், எதைச் சொன்னாலும் நம்புகிற மனுஷன்.

படகுத்துறைக்கு அவள் வியாழக்கிழமையே போன் செய்திருந்தாள். அந்த ஊரில் அப்பா வேலையைச் சொன்னால் எல்லாக் காரியமும் சுளுவாக நடக்கும்.

"டிப்போ டைம் கீப்பர் வீட்டுலேர்ந்து பேசறேன். அவரோட பொண்ணு."

மறுமுனையில் இருந்த பெண் குரல் சட்டென்று தணிந்தது. "சொல்லுங்கம்மா."

"அப்பாவோட ஒரு நாள் கடலுக்குப் போகணும். வர்ற ஞாயித்துக்கிழமை."

"அதுக்குள்ளயா?"

"ஏங்க, ஞாயிறு இடம் இல்லையா?"

"இல்லாட்டியும் ஒதுக்கித் தர்றேம்மா. எத்தனை பேர்?"

"அப்பாவோட சேத்து ஆறு."

"அஞ்சுன்னு எழுதிக்கறேன். அப்பாவுக்கு சீட் வேண்டாம்."

முதியோர் சலுகை போலிருக்கிறது என்று நினைத்தாள். "அப்ப அவர் எங்க உக்காருவாரு?"

"உங்க மடியில வெச்சுக்கோங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

அப்பா ஆறடி. அவள் தன் பட்டியலில் 'மடக்கு நாற்காலி' என்று எழுதிக்கொண்டாள்.

"அப்புறம், பவளப்பாறை பாக்கற கண்ணாடிப் படகு வேணும். துடுப்புப் படகு ரெண்டு. என் பொண்ணு மாஸ்க் போட்டு மீன் பாக்கணும். பாட்டும் போட்டுடுங்க, நல்லா குத்துப் பாட்டா."

"அன்னிக்கா?"

"அன்னிக்கேதான். அப்பாவுக்குப் பிடிக்கும்."

"உங்க குடும்பம், உங்க இஷ்டம்" என்றாள் அந்தப் பெண். "ஒண்ணே ஒண்ணு. காத்து பலமா இருக்கும். மூடியை இறுக்கமா மூடி எடுத்துட்டு வாங்க. திறந்துக்கிச்சுன்னா எல்லாம் மேல பறக்கும்."

'டிபன் பாக்ஸ், இறுக்கமான மூடி' என்று எழுதினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் ஷூவைத் துடைத்தபோது உள்ளிருந்து ஒரு கைப்பிடி வெள்ளை மணல் கொட்டியது.

"எங்கப்பா போனீங்க?"

"போன மாசம் பழைய ஆளுங்களைப் பாக்க டிப்போவுக்குப் போனேன்ல? அங்க மண்ணு ஜாஸ்தி."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் நின்றார்கள். மற்றப் படகுகளில் பாட்டு அலறியது. மஞ்சள் மிதவைச் சட்டை போட்ட குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடின. இவர்கள் படகு மட்டும் கழுவித் துடைத்து, மூச்சுக் காட்டாமல் நின்றது. துடுப்பைக் காணோம், மாஸ்க்கைக் காணோம். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு படகுக்காரர்கள் தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள். முன்பலகையில் ஒரு தட்டு நிறைய வெள்ளைப் பூ.

"பெரிய மனுஷங்களை வரவேற்கற மாதிரி இருக்கே" என்றாள் அண்ணி.

மூத்த படகுக்காரர் அண்ணியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, "தைரியமா இருங்கம்மா" என்றார்.

அண்ணியின் முகம் வெளுத்தது. "எனக்கு நீச்சல் தெரியாதுன்னு இவருக்கு யாரு சொன்னது?"

"பாட்டு எங்கங்க?" என்று அவள் கேட்டாள். குரல் உடைந்தது. ஒரே ஒரு நாள். அதையும் இவர்கள் இழவு வீடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். "சொல்லியிருந்தேனே! சந்தோஷமா இருக்கணும்னுதானே சொன்னேன்!"

"அழுதுடுங்கம்மா" என்றார் அவர். "அடக்கக் கூடாது."

பிறகு கணவன் கையில் இருந்த டிபன் பாக்ஸை இரண்டு கைகளாலும் வாங்கினார். கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். பூத் தட்டின் நடுவில் மெல்ல வைத்தார்.

"அதுல அவிச்ச முட்டை இருக்கு" என்றாள் பாப்பா.

அண்ணன் பெட்டியைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், தொப்பிகளைப் பார்த்தான். விபத்து நடந்த இடத்தில் நிற்கிறவன் போல அவன் முகம் மாறியது. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டான். அவள் அப்பா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா மட்டும் படகில் ஏறவில்லை. சற்றுத் தள்ளி, டிக்கெட் கொட்டகை நிழலில், மடக்கு நாற்காலியில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பழைய டிப்போ விசில். அந்த வெயிலிலும் துண்டால் தலையை மூடியிருந்தார்.

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெண் பதிவேட்டோடு வேகமாக வந்தாள். போனில் பேசிய அதே குரல். "கையெழுத்துப் போடணும்மா" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தாண்டியவள், சடாரென்று நின்றாள். குனிந்து துண்டுக்குள் பார்த்தாள். பதிவேடு கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது.

அப்பா அவசரமாக உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"ஐயா, நீங்களேவா வந்துட்டீங்க? போன மாசம் பேர் எழுதிட்டுப் போனப்போ, 'மழைக்கு முன்னால நான் போயிடுவேன், என் பொண்ணு போன் பண்ணுவா, அவளுக்கு என் விஷயத்தை நேரா சொல்ல வாய் வராது, நீங்களா புரிஞ்சுக்கிட்டு என் சாம்பலைக் கரைக்கப் படகு குடுங்க'ன்னு சொன்னீங்களே!"