டீ சிந்தாத சாலை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதலாக, கெட்டுப்போன சாலையைச் சரிசெய்ய ஒரே ஒரு வழியைத்தான் அறிந்திருந்தது: சாலையைச் சரிசெய்வது. செலவும் தூசும் மிகுந்த அந்தப் பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒற்றை மின்விசிறியின் கீழ் இயங்கும் எங்கள் ‘மலைவழித்தட நலப் பிரிவு’க்கே உரியது. அந்தப் பிரிவில் இளநிலை உதவியாளராக இருக்கும் பேறு பெற்றவன் நான். அந்தச் சாதனை நிகழ்ந்தபோது காரின் பின் இருக்கையில் அலுவலகக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனும் நானே. ஆகவே இந்த வரலாற்றை நான் எழுதுவதுதான் முறை.

எங்கள் உதவிப் பொறியாளர் விஜயராஜ் அய்யா சாலைகளைச் சோதிக்கத் தமக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார். காரின் முன்பக்கத் தட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை டீ. டீ சிந்தினால் சாலை மோசம். சிந்தாவிட்டால் சாலை நலம். அவ்வளவுதான். சோதனை முடிந்ததும் கருவியைக் குடித்துவிடலாம். இவ்வளவு சிக்கனமான ஒரு முறையை வேறு எந்த விஞ்ஞானியும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் கோணக்கொல்லை என்று ஒரு சிற்றூர். அதற்கு ஒரு சாலை உண்டு. ‘உண்டு’ என்பது எங்கள் கோப்பின் கருத்து. மழை அறுத்த பள்ளங்களும், பள்ளத்துக்குக் காவலாகப் பாறைகளுமாக அது மலை ஏறுகிறது. சந்தை நாளில் ஒரு ஷேர் ஜீப் முக்கி முனகி ஏறும். மற்ற நாளில் நடைதான். ஆம்புலன்ஸ் முதல் வளைவிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் நோயாளிதான் இறங்கி வர வேண்டும்.

சாலை போட்டுத் தாருங்கள் என்று ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். அய்யாவும் பார்வையிடப் புறப்படாமல் இல்லை. ஒவ்வொரு முறையும் முதல் வளைவில் அவருடைய சின்னக் காரின் வயிறு பாறையில் இடிக்கும். டீ அவர் மடியில் கொட்டும். அய்யா பேன்ட்டைப் பிழிந்துகொண்டே திரும்பிவிடுவார். முதல் வளைவு வரை சாலை மோசம் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதற்கு மேலே உள்ளதைப் பார்க்காமல் எப்படி மோசம் என்று எழுதுவது? அது சாலைக்குச் செய்யும் அநீதி அல்லவா?

ஒரு நாள் கோணக்கொல்லை ரங்கனும் அவர் மனைவி மாதம்மாளும் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். அவர்களுடைய மகன் பெங்களூரில் கட்டட வேலை. மருமகள் ஈஸ்வரி ஆறு மாதக் கர்ப்பிணி.

“போன தடவ டோலி கட்டித் தூக்கினு வந்தோங்க. குலுங்கிக் குலுங்கி, பாதி வழியிலயே கொழந்த போயிடுச்சி” என்றாள் மாதம்மாள். “இந்தத் தடவயாவது ஆம்புலன்ஸு மேல வரணும் சார்.”

அய்யா மிகவும் வருந்தினார். வருந்திவிட்டு, “பார்க்காம நான் எப்படிம்மா எழுதறது?” என்றார்.

“வந்து பாருங்க சார்.”

“வரத்தான் பார்க்கறேன். ரோடு விடமாட்டேங்குதே.”

“அந்த ரோடத்தாங்க போடச் சொல்றோம்.”

“பார்த்தாத்தானேம்மா போடலாம்.”

இந்தக் கட்டத்தில் பேச்சு முதல் வளைவில் நின்ற காரைப் போல ஆகிவிட்டது. எங்கள் ஊர் ஜீப்பில் வந்துவிடுங்களேன் என்றார் ரங்கன். ஜீப்பில் டம்ளர் வைக்கத் தட்டு இல்லை என்பதை அய்யா பொறுமையாக விளக்கினார். ரங்கன் வாசலில் நின்ற காரை எட்டிப் பார்த்தார்.

“அப்ப உங்க வண்டிய ஏறுற மாதிரி பண்ணிட்டா இன்னாங்க?”

அய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘சாலைக்கும் வாகனத்துக்கும் இடையே நிலவும் கருத்து வேறுபாட்டை வாகனத்தின் தரப்பிலிருந்து தீர்ப்பது’ என்ற தீர்மானம் அன்று மாலையே நிறைவேறியது. நான் முன்மொழிந்தேன். அய்யா வழிமொழிந்தார். பிரிவில் வேறு ஆள் இல்லை.

செலவுக்கு ஈடாக, அந்த வருடம் பறித்த புளியையெல்லாம் கோணக்கொல்லை ஊரே சேர்ந்து ஆலங்காயத்தில் ராஜவேலுவின் மெக்கானிக் ஷெட் வாசலில் இறக்கியது. ராஜவேலு காரைத் தூக்கிப் பார்த்தார். ஸ்பிரிங்குகள் தளர்ந்து உட்கார்ந்திருந்தன. சாக் அப்சார்பர்கள் எண்ணெய் கசிந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. வயிறு இடிக்காமலிருக்க உயரமான புது ஸ்பிரிங் போட்டார். வளைவில் வண்டி சாயாமலிருக்க இரண்டு சக்கரத்துக்கும் குறுக்கே தடித்த கம்பி ஒன்றைப் பூட்டினார். புது சாக் அப்சார்பர்களின் தலையில் ஒரு திருகு இருந்தது. ஒரு பக்கம் திருகினால் கெட்டி, மறுபக்கம் திருகினால் மெத்து.

“எப்படி வெக்கட்டும்?” என்றார் ராஜவேலு. “கெட்டியா வெச்சா வண்டி சொன்ன பேச்சு கேக்கும். குழி கொஞ்சம் தெரியும்.”

“மெத்துனே வையிப்பா” என்றாள் மாதம்மாள்.

“ரொம்ப மெத்துனு வெச்சா கீழ ரோடு இருக்கா இல்லியான்னே தெரியாதும்மா.”

“தெரியலன்னா நல்லதுதானே. வூடு தேடி வர்ற மனுசன் இடுப்பப் புடிச்சிக்கினா எறங்கறது?”

இதைப் புரிந்துகொள்ள ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கோணக்கொல்லையில் மலை ஏறி வருகிற எவரையும் ‘வணக்கம்’ என்று வரவேற்க மாட்டார்கள். ‘நோவில்லாம வந்தீங்களா?’ என்றுதான் கேட்பார்கள். வந்தவர் ‘இல்லாம வந்தேன்’ என்று சொன்ன பிறகுதான் தண்ணீரே கொடுப்பார்கள். விருந்தாளி நோவோடு வந்தால் அது ஊருக்கே அவமானம். அப்படிப்பட்ட ஊர், தனக்குச் சாலை போடப்போகிற அதிகாரியை நோக விடுமா?

ராஜவேலு தோளைக் குலுக்கிவிட்டுத் திருகைத் திருகினார். ஆட்களுக்குப் பதிலாகச் சாமை மூட்டைகளை ஏற்றி, பின் இருக்கையில் ரங்கனை மடியில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார வைத்து, குழி இருக்கும் இடமாகப் பார்த்து ஓட்டினார். ரங்கனின் வேட்டி நனைந்தது. இன்னும் திருகினார். மறுபடி ஓட்டினார். கடைசியில் ரங்கன் உலர்ந்த வேட்டியோடு இறங்கியபோது மாதம்மாள் முகத்தில் வந்த சிரிப்பைப் போல ஒரு சிரிப்பை நான் எங்கள் அலுவலகத்தில் பார்த்ததே இல்லை.

ஆய்வு நாள் வந்தது. டிரைவர் கோவிந்தன் ஓட்ட, அய்யா முன்னால் டம்ளருடன், நான் பின்னால் கோப்புடன். முதல் வளைவைக் கார் தாண்டியது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலம் என்று கோப்பில் உள்ள இடத்தில் பாலம் இல்லை. ஓரம் என்று உள்ள இடத்தில் பள்ளத்தாக்கு இருந்தது. ஆனால் காருக்குள் ஒன்றும் தெரியவில்லை. தொட்டிலில் போட்டு ஆட்டுவது போலிருந்தது. அய்யா வெளியே பார்க்கவில்லை. சோதனை நடக்கும்போது கருவியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

கோணக்கொல்லையில் ஊரே காத்து நின்றது. ஈஸ்வரியும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நோவில்லாம வந்தீங்களா சார்?” என்றார் ரங்கன்.

“நோவா? ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்த மாதிரியே இருந்துச்சு.”

ஊர் கைதட்டியது. அய்யா டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

“ரோடு ரொம்ப நல்லா இருக்கே. இதுக்கா இத்தனை மனு போட்டீங்க?”

கைதட்டல் நின்றது.

“சார், அது வண்டிங்க” என்றார் ரங்கன்.

“என்ன வண்டி? போன தடவையும் இதே வண்டிதான். இதே டம்ளர்தான். அப்ப சிந்துச்சு, இப்ப சிந்தலை. அப்படின்னா நடுவுல திருந்துனது எது? ரோடுதானே?”

 மாதம்மாள் டம்ளரை வாங்கிக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கோப்பின் அட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

கோணக்கொல்லைச் சாலை ‘நன்னிலைச் சாலை’ என்று சான்று பெற்றது. நன்னிலையில் உள்ள சாலையைச் செப்பனிட எந்த விதியும் இடம் தராது. ஆம்புலன்ஸ் மட்டும் பழையபடி முதல் வளைவிலேயே நின்றது. அதன் ஓட்டுநர் எங்கள் சான்றைப் படிக்கவில்லை போலும்.

அந்த ஊருக்கு ஒரு பெயர்ப் பலகை நட்டுக் கௌரவிக்க வேண்டும் என்று அய்யா விரும்பினார். ‘நன்னிலைச் சாலை’ என்று எழுதிய பலகையை டிக்கியில் போட்டுக்கொண்டு, சில மாதம் கழித்து ஒரு காலை வேளையில் மறுபடி மலை ஏறினோம். தட்டில் டம்ளர் ஆடாமல் அசையாமல் இருந்தது. பாதி மலையில் எதிரே ஒரு டோலி வந்தது. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, முன்னால் ரங்கனும் பின்னால் இன்னொருவருமாகத் தூக்கி வந்தார்கள். போர்வைக்குள் ஈஸ்வரி. அவள் கத்தவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாதம்மாள் காருக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எறங்குங்க சார்.”

“அம்மா, இது ஆய்வு வாகனம். இதுல பயனாளிகளை ஏத்தறதுக்கு விதி…”

“வண்டி உங்களுதுங்க. அதுக்கு அடியில இருக்கறது எங்க புளிங்க.”

கோவிந்தன் யாரையும் கேட்காமல் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். நான் இறங்கினேன். என் பணிக்காலத்தில் நான் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அய்யாவும் டம்ளரோடு இறங்கினார். ஈஸ்வரியைப் படுக்க வைத்து, அவள் தலையை மாதம்மாள் மடியில் ஏந்திக்கொள்ள, கார் மெல்லத் திரும்பிக் கீழே போனது. ஒரு குலுக்கல் இல்லை. அந்தத் திருகைத் திருகிய ராஜவேலுவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

சாலையில் நாங்களும் காலி டோலியும் மிஞ்சினோம். அய்யா தோல் செருப்போடு ஒரு பாறையைத் தாண்டிப் பார்த்தார். அடுத்த பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

“விருந்தாளி நடக்கக் கூடாதுங்க. ஒக்காருங்க” என்றார் ரங்கன். அதில் கேலி இருந்ததா என்று நான் உற்றுக் கவனித்தேன். துளியும் இல்லை.

அய்யா டம்ளரோடு டோலியில் ஏறினார். முதல் அடியிலேயே டீ சட்டையில் கொட்டியது. இரண்டாவது பள்ளத்தில் டம்ளரே பறந்து பள்ளத்தாக்கில் போய் விழுந்தது. பாலம் இல்லாத பாலத்தில் அய்யாவின் முதுகு கல்லில் உரசியது. “அய்யோ”, “மெதுவா”, “அம்மா” என்று அவர் வாயிலிருந்து முதன்முறையாக அலுவல் சாராத சொற்கள் வந்தன. நான் பின்னாலேயே நடந்தேன். சோதனை முடிந்துவிட்டது. டீ சிந்திவிட்டது. அய்யாவின் முறைப்படியே, அய்யாவின் சட்டை மேலேயே சிந்திவிட்டது. இந்தச் சாலைக்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று உண்மையாகவே நம்பினேன்.

அடிவாரம் சேர்ந்தபோது கோவிந்தன் ஆலங்காயம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். பெண் குழந்தை. இருவரும் நலம். ரங்கன் தோளிலிருந்து கழியை இறக்கிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கூடத் தூக்கியவரும் அழுதார். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ரங்கனுக்குத் தன் கடமை நினைவு வந்தது.

“நோவில்லாம வந்தீங்களா சார்?”

“உயிரே போயிடுச்சுய்யா” என்றார் அய்யா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “ரொம்ப மோசம். இதை உடனே சரி பண்ணணும்.”

நான் பேனாவைத் திறந்தேன். “எழுதிக்கட்டுங்களா சார்? ரோடு ரொம்ப மோசம்னு?”

அய்யா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ரோடா? ரோடைத்தான் நாம அன்னிக்கே பார்த்தாச்சே. நல்லா இருக்கே. டோலிதான்யா மோசம். எழுதிக்கோ. கழிக்கும் போர்வைக்கும் நடுவுல முன்னால ஒரு ஸ்பிரிங், பின்னால ஒரு ஸ்பிரிங். ரெண்டு சாக் அப்சார்பர். திருகு வெச்சது. நல்லா மெத்துனு.”

எழுதினேன். ரங்கன் தோளைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கழி அழுத்திய இடம் கன்றியிருந்தது.

“தூக்கறவனுக்கு இன்னாங்க பண்ணுவீங்க?”

“உங்களுக்கென்ன ரங்கன், ஸ்பிரிங் மாதிரி ஆளுக்கு ரெண்டு கால் முட்டி இருக்கே.”

முட்டிகளையும் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன். கோணக்கொல்லைக்குப் போய்ச் சேருவதை எங்கள் பிரிவால் தடுக்க முடியாமல் போன வசதி அவை மட்டும்தான்.