ஃபான்ட் அண்ணா எதையும் நீக்கியதில்லை

பெங்களூரில் குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லாத ஒரே மனிதர் எங்கள் ஃபான்ட் அண்ணாதான். அவருக்குச் சொந்த வீடு கிடையாது. நான் சொல்வது, விவேக் நகரில் நாங்கள் வேலை பார்த்த டி.டி.பி. கடையின் கம்ப்யூட்டரில் குடியிருந்த தமிழ் ஃபான்ட்டுகளை. அவருடைய நிஜப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டுமே தெரியும்.

கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் புதிதாக ஒரு ஃபான்ட்டை இன்ஸ்டால் செய்வார். எதையும் நீக்க மாட்டார். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு நாஷ்டாவுக்குப் போவோம். இட்லி வடை முடித்து, பக்கத்து மேஜைக்காரரின் குடும்பச் சண்டையையும் கேட்டுவிட்டு வந்தால், அப்போதுதான் திரையில் வெளிச்சம் வந்திருக்கும்.

"அண்ணா, இதை எடுத்துடவா? ஆறு வருஷமா யாரும் தொடல."

"அய்யய்யோ! அதுல அல்சூர் பால்காரர் பொண்ணு கல்யாணம் இருக்குப்பா."

"அந்தப் பொண்ணுக்கே இப்ப ரெண்டு குழந்தைங்க!"

"அதான் சொல்றேன். காதுகுத்துக்கு வருவாங்கல்ல?"

கடை முதலாளி ஸ்டெல்லா அக்காவுக்குப் பொறுமை போயிற்று. அண்ணா லீவு போட்ட ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "பேஜார் புடிச்ச மிஷினு. தேவையில்லாததெல்லாம் தூக்கிடு. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எனக்குப் பெயர் தெரியாத ஃபான்ட்டெல்லாம் தேவையில்லாதது என்று முடிவு செய்து தூக்கினேன். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். நான் சுத்தக்காரன்.

மறுநாள் கம்ப்யூட்டர் ஒரே நிமிடத்தில் எழுந்தது. அண்ணா வந்தார். சுருங்கிப்போன ஃபான்ட் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று பார்த்து ஜீவனஹள்ளியிலிருந்து மல்லிகா அக்கா வந்தார். ஆட்டோ ஓட்டிய கணவர் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

"நினைவு நாளுக்குக் கார்டு அடிக்கணும். எங்க கல்யாணப் பத்திரிகையில அவரே சொந்தமா ரெண்டு வரி சொல்லிப் போட்டாரு. அதே வரி வேணும். மழைத் தண்ணி வீட்டுக்குள்ள பூந்து பத்திரிகை போச்சு. இங்கதான் அடிச்சோம். வச்சிருப்பீங்கல்ல?"

ஃபைல் இருந்தது. திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் தாறுமாறாகக் கிடந்தன. அடியில் ஒரு போன் நம்பர் மட்டும் ஒழுங்காகத் தெரிந்தது. பழைய தமிழ் ஃபான்ட்டுகளின் குணம் அது. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துதான், ஃபான்ட் அதைத் தமிழாகக் காட்டும்; ஃபான்ட்டை எடுத்துவிட்டால் வெறும் கிறுக்கல். அந்த ஃபான்ட் வந்த சிடி எப்போதோ உடைந்துவிட்டது. நெட்டில் தேடினேன், கிடைக்கவில்லை.

மல்லிகா அக்கா திரையைப் பார்த்தார். "இது அவரு சொன்னது இல்லையேப்பா" என்றார். அந்த மனுஷன் விட்டுப்போன ரெண்டு வரியை நான் அழித்துவிட்டேன்.

அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டினார். அந்தக் கிறுக்கலைப் பேப்பர் படிப்பதுபோல் சத்தமாகப் படித்தார்:

"மண்டபத்துக்கு வர யாரும் ஆட்டோவுக்கு அலைய வேணாம். ஒரு போன் போடுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஸ்டெல்லா அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "மல்லிகா, நினைவு நாள் கார்டுல இதைப் போட்டா... ஜனம் பயந்துடும்மா."

அண்ணா திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "கீழ போன் நம்பர் இருக்கு. அதையும் போடவா?"

மல்லிகா அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதார். "போடுங்கண்ணா. அந்த போன் இப்ப என்கிட்டதான் இருக்கு."

அவர் போனபிறகு அண்ணாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்களுக்குத்தான் ஃபான்ட்டே இல்லாம படிக்க வருதே. அப்புறம் எதுக்குண்ணா அத்தனையும் வச்சிருந்தீங்க?"

"எனக்கு எதுக்குப்பா? நான் இல்லாத அன்னைக்கு இந்த மாதிரி யாராச்சும் வந்தா, நீ என்னா பண்ணுவ?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரோ, "கைய விடுப்பா, டைப் அடிக்கணும்" என்றார்.