சூ நைனாவும் காக்காய்ப் பகையும்

பறவைகளில் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இந்த உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. அவர் உத்திரமேரூரில் என் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை காக்காயைப் பார்த்து 'சூ, சூ' என்று கத்துவதால் தெருவுக்கு அவர் சூ நைனா.

வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தோட்டத்து முருங்கை மரத்தில் ஒரு கொத்து நெற்கதிரைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றிக் கோழி வலை அடித்திருந்தார். சிட்டுக்குருவி மட்டும் நுழைகிற அளவுக்கு ஓட்டை; குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து கொத்தும். புறா முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். காக்காய்க்குத் தனி ஏற்பாடு. பழைய சிடிகள், அறுந்த கேசட் நாடா, போதாததற்குச் செத்த காக்காய் மாதிரி தலைகீழாகக் கட்டிய ஒரு கறுப்புப் பாலிதீன் பை. கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூட அதைப் பார்த்துத் தயங்கித்தான் உள்ளே போனார்.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் மகள் ஆன்லைனில் அழகான தீனிக்கூடு ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். கம்பு, தினை, நொய் என்று விருந்தே வைத்தேன். வந்ததெல்லாம் காக்காயும் புறாவும்தான். அங்கே விரட்டினதெல்லாம் இங்கே வந்து வயிறாரத் தின்றுவிட்டு, கொடியில் காயும் என் வெள்ளை வேட்டியில் நன்றியும் தெரிவித்துவிட்டுப் போகும்.

"நைனா, ஒரே ஒரு குருவியையாவது இந்தப் பக்கம் அனுப்பக்கூடாதா?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன்.

"நானா புடிச்சு வெச்சுக்கினு கீறேன்? அதுங்களுக்கு எந்த வூடு புடிக்குதோ அங்க போவுது வாத்தியாரே. மொதல்ல காக்காவத் தொரத்துங்க."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தை மாதம் அவர் மனைவிக்கு முதல் திதி வந்தது. மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடு நிறைந்தது. படையல் போட்டு முடித்து, இலையில் சோறு, வடை, அப்பளம், பாயசம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு நைனா மாடிக்குப் போனார். காக்காய் வந்து தொட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம்.

"கா... கா..." என்று கூப்பிட்டார். வருஷமெல்லாம் 'சூ' சொன்ன வாயில் திடீரென்று 'கா' வந்தால் எந்தக் காக்காய் நம்பும்? கறுப்புப் பையை அவிழ்த்தார். சிடிகளைக் கழற்றினார். ஊஹூம். எல்லாம் என் வீட்டு மதிலில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. கீழே பேரப்பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கினார்கள். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

கொஞ்ச நேரத்தில் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"வாத்தியாரே, உங்க மாடில வெச்சுக்கட்டுமா? அதுங்களுக்கு என் மேல கோவம். அவ பட்டினியா பூடுவா."

என் கொண்டாட்டம் அதோடு முடிந்தது. இரண்டு பேரும் மாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்தோம். காக்காய்கள் கிட்டே வந்தன. இவர் முகத்தைப் பார்த்ததும் மதிலுக்கே திரும்பிவிட்டன.

"நைனா, நீங்க ஒளிஞ்சாத்தான் வேலையாகும்" என்றேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை எனக்கு.

"வந்துச்சா?"

"வந்துடுச்சு."

"இன்னாத்த எடுத்துச்சு?"

"வடையை."

துண்டுக்குள் அவர் தோள் குலுங்கியது. "அவளுக்கு வடைன்னா உசுரு."

போய்ச்சேர்ந்த பெண்டாட்டி சாப்பிடவேண்டும் என்று இப்படி ஒளிந்து உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்து வந்த பொறாமை, குருவிகளைப் பார்த்து வந்ததைவிடப் பெரிது. என் முழங்கால் வேறு கெஞ்ச ஆரம்பித்தது.

"அதான் தொட்டாச்சே நைனா, எழுந்திருங்க. உங்க வீட்ல பிள்ளைங்க பசியோட இருக்கு."

"இருங்க வாத்தியாரே. அவ மெதுவாத்தான் துன்னுவா."

எனக்குக் கால் மரத்தே போய்விட்டது. ஆனாலும் அவர் எழுந்திருக்கிறவரை நானும் எழுந்திருக்கவில்லை.