மேழிநாட்டின் கதைக்கூலி

மழை பெய்யாத மலைகளுக்கும் மழைக்குக் காத்திருக்கும் வயல்களுக்கும் நடுவே மேழிநாடு என்றொரு நாடு இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடக்கும். வாக்களிக்கும் உரிமை மக்களுக்கு. போட்டியிடும் உரிமை அரசருக்கு. அதிகாரத்தை இப்படிச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட நாடு வேறு இல்லை என்று அரண்மனையே அறிவித்திருந்தது. ஆகவே அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

நிஜமாகவே பெருமைப்பட அந்த நாட்டில் ஒன்று இருந்தது. அது தலைநகரின் கதைமாளிகை. அதை நடத்திவந்த வடிவாம்பாள் ஆளுக்கும் வயதுக்கும் ஏற்றபடி சிறுகதைத் தொகுப்புகள் செய்தாள். பால்பல் விழாதவர்களுக்குக் குரங்குக் கதைகள், மீசை அரும்பியவர்களுக்குக் காதல் கதைகள், பயப்படுவதில் சுகம் காண்பவர்களுக்குப் பேய்க் கதைகள், தலை நரைத்தவர்களுக்குச் சாவைக் கேலி செய்யும் கதைகள். வருகிறவர் முகத்தைப் பார்த்தே அவருக்கான தொகுப்பை எடுத்து நீட்டிவிடுவாள். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கும் வழக்கம் இல்லை.

புத்தகத்துக்குக் காசு கிடையாது. திருப்பித் தரும்போது, படித்த கதை ஒன்றை மாளிகை முற்றத்தில் நின்று, தன் ருசிக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். அதற்குக் கதைக்கூலி என்று பெயர். உள்ளதை உள்ளபடி ஒப்பித்தால், "இதுல உன் உப்பு எங்க? போய்ப் போட்டுக் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் ஒருமைப்பாட்டு அமைச்சர் தண்டபாணியார் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"அம்மையே, ஒரே நாட்டில் நாலு தொகுப்பா? சிறுவர் சிரிக்கும் நேரத்தில் முதியோர் அழுதால் நாட்டின் ஒற்றுமை என்னாவது? இனி எல்லோருக்கும் ஒரே தொகுப்பு."

"ஒரே செருப்பைத் தச்சு ஊருக்கெல்லாம் மாட்டிவிட முடியுங்களா, அமைச்சரே?"

"அருமையான யோசனை. அதையும் அடுத்த ஆண்டு பரிசீலிப்போம்" என்றார் அமைச்சர்.

நாலு தொகுப்பும் ஒன்றாக்கப்பட்டன. பிறகு திருத்தக் குழு கூடியது. அரசைத் தவிர வேறெதற்கும் குடிமக்கள் அஞ்சுவது நாட்டுக்கு இழுக்கு என்று காவல் துறை பேய்க் கதைகளை நீக்கியது. காதலர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதால் உற்பத்தி குறைகிறது என்று தொழில் துறை காதல் கதைகளை நீக்கியது. இந்த ஆட்சியில் யாரும் சாவதாகத் தகவல் இல்லை என்று நல்வாழ்வுத் துறை சாவுக் கதைகளை நீக்கியது. குரங்குக் கதைகளை மட்டும் யாரும் நீக்கச் சொல்லவில்லை. ஆனால் அமைச்சர்கள் தனித்தனியே வந்து, "அந்தக் குரங்கு யாரைக் குறிக்கிறது?" என்று காதோடு கேட்டார்கள். அவையும் போயின.

நாடு வாடியது. குழந்தைகள் சோறு உண்ண மறுத்தன. இளைஞர்கள் காதலிக்கத் தெரியாமல் நேராகக் கல்யாணம் செய்துகொண்டு திருதிருவென்று விழித்தார்கள். முதியவர்கள் சிரிக்க எதுவும் இல்லாமல் அரசிதழைப் படித்தார்கள்.

கடைசியில் அமைச்சரே எழுதிய ஒரு கதைதான் மிஞ்சியது: 'ஒரு நல்ல அரசர் இருந்தார். நன்றாக ஆண்டார். மக்கள் நன்றாக இருந்தார்கள்.' அச்சு ஒப்பந்தம் முன்னூறு பக்கத்துக்குப் போட்டிருந்ததால் மற்ற பக்கங்களை வெறுமையாக விட்டுத் தைத்தார்கள்.

"அரசரின் முடிசூட்டு ஆண்டு விழாவில் மக்கள் இதை மனதார ஏற்றுக்கொண்டதை அரசர் நேரில் காண்பார். அன்றே பழைய தொகுப்புகளைக் கூழாக்கி அட்டைப்பெட்டி செய்வோம்" என்றார் அமைச்சர்.

வடிவாம்பாள் கேட்டாள்: "ஏத்துக்கிட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"உமது கதைக்கூலியால்தான்! செலவில்லாத வழக்கம். அதைச் சட்டமாக்கிவிட்டோம். மக்கள் மேடையேறி இந்தக் கதையைச் சொல்வார்கள்."

"வழக்கத்தைப் பாதியா எடுத்துக்கிறீங்களா, முழுசாவா?"

"முழுமையாக! நம் பண்பாட்டில் ஓர் இம்மியும் குறையக் கூடாது."

வடிவாம்பாளுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. இத்தனை காலம் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு ருசி மறந்து போயிருக்குமோ?

விழா நாளில், கூழாக்க வந்த வண்டிகள் மாளிகை வாசலில் வரிசையாக நின்றன. முதலில் ஒரு சின்னப் பெண் மேடையேறினாள்.

"ஒரு நல்ல அரசர் இருந்தாரு. அவருக்கு வால் இருந்துச்சு. அதை மறைக்கத்தான் அவ்ளோ பெரிய சிம்மாசனம்."

கூட்டம் குபீரென்று சிரித்தது. அடுத்து ஓர் இளைஞன். "நல்லா ஆண்டாரு. ஆண்டுக்கிட்டே இருந்ததால ராணிகிட்ட பேச நேரமில்ல. ராணி தோட்டக்காரன்கிட்ட பேச ஆரம்பிச்சா."

பேய்க் கதைப் பிரியரான கறிக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அந்த அரசர் செத்து வெகுகாலம் ஆச்சு. யாரும் அவருகிட்ட சொல்லல. அமைச்சருங்கதான் தினம் பவுடர் பூசி உட்கார வைக்கிறாங்க."

கடைசியாக ஒரு பெரியவர் பொக்கை வாயால் சொன்னார்: "மக்கள் நல்லா இருந்தாங்க. அரசர் வந்தப்புறமும் கொஞ்ச நாள் இருந்தாங்க."

வடிவாம்பாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் உப்போடு வந்திருந்தார்கள். "எல்லாரும் என் வாசகருங்க" என்று பக்கத்தில் நின்ற காவலரிடம் சொன்னாள். "எனக்குத் தெரியும். அந்தப் பேய்க்காரர் என் மாமா" என்றார் காவலர், நெஞ்சை நிமிர்த்தி.

அரசர் எழுந்தார். "எந்த மடையன் எழுதிய கதை இது? இனி 'நல்ல அரசர்' என்று வாய் திறப்பவனுக்குச் சிறை!"

ஆணை அங்கேயே முரசறையப்பட்டது. அரசு வண்டி வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது விதி. எனவே தடை செய்யப்பட்ட அந்த அமைச்சர் தொகுப்பையே ஏற்றிக்கொண்டு வண்டிகள் கூழாலைக்குப் போயின. பழைய நாலும் தம் இடத்துக்கு வந்து சேர்ந்தன.

அடுத்த மாதம் தேர்தல் வந்தது. பிரச்சார மேடையில் தண்டபாணியார் முழங்கினார்: "நமக்கு வாய்த்திருப்பவர் ஒரு நல்ல அரசர்..." காவலர்கள் சட்டப்படி அவரைக் கைது செய்தார்கள். அதன் பிறகு மேடையேற யாருக்கும் துணிவில்லை.

சிறையில் பொழுது போகாத தண்டபாணியார் ஒரு புத்தகம் வேண்டுமென்று சொல்லியனுப்பினார். வடிவாம்பாள் நேரில் போய், கம்பி வழியே அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்து, குரங்குக் கதைத் தொகுப்பை நீட்டினாள்.

அவர் அதைப் புரட்டினார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதோடு கேட்டார். "இந்தக் குரங்கு யாரைக் குறிக்கிறது?"

"அதை நீங்கதான் சொல்லணும், அமைச்சரே" என்றாள் வடிவாம்பாள். "அதுதானே கூலி."